கம்பெனி வாசலில் நின்றுகொண்டிருந்தவள்

எங்க கடைக்கு மேல ஸ்பானிஷ் கிளாஸ் வந்ததுல இருந்து என் நிம்மதி போச்சுங்க. நான் பட்டன், ஜிப், எலாஸ்டிக் விக்கறவன். உடுமலைப்பேட்டையில இருந்து திருப்பூருக்கு வந்து, பனியன் கம்பெனிகளை நம்பிக் கடை போட்டு, ஒரு மாடியும் கட்டி, சும்மா கெடக்கற மாடியை ஒரு நல்ல மனுசிக்கு விடலாமேன்னு என் பொண்டாட்டி சொன்ன பேச்சைக் கேட்டு விட்டேன் பாருங்க, அதுக்கப்புறம் சாயந்தரமானா போதும், என் கடை வாசல்ல கால் வைக்க எடமில்லாம செருப்பாக் கெடக்கும், மேல இருந்து தொண்டையைக் காறிக் காறி "ஹோ, ஹோ"ன்னு சத்தம் வரும், ஜிப் வாங்க வந்தவங்க ஜிப்பை மறந்துட்டு மோட்டுவளையைப் பாத்துட்டு நிப்பாங்க.

அந்த நல்ல மனுசி பேரு ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரங்க. பெரு நாட்டுல மலைமேல ஒரு மடத்துல கன்னியாஸ்திரியா ரொம்ப வருஷம் இருந்துட்டு, மனசு விட்டுப்போய் அங்கியைக் கழட்டி மடிச்சு வெச்சுட்டு வந்தவங்க. ஏன்னு நாங்க கேக்கலை, அவங்களும் சொல்லலை. எங்கூரு பனியன் ஸ்பெயினுக்கும் கப்பல் ஏறுதுங்களே, சரக்கு வாங்கற அந்தப் பையர்கள்கிட்ட ரெண்டு வார்த்தை அவங்க பாசையிலயே பேசினா ஆர்டர் கெட்டியாகும்னு கம்பெனிக்காரப் பசங்களும் பொண்ணுங்களும் படிக்க வந்தாங்க. நிகழ்காலம் படிக்கிற வரைக்கும் செருப்புத் தொல்லையைத் தவிர வேற தொல்லை இல்லைங்க. இறந்தகாலம் ஆரம்பிச்ச அன்னைக்குத்தான் அது நடந்துச்சு.

அன்னைக்குச் செருப்புச் சண்டை போடறதுக்குன்னே மாடிப்படி ஏறினேன். டீச்சர் ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொல்லியிருந்தாங்க. தாரிணிங்கற பொண்ணு எந்திரிச்சு நின்னா. பெரிய கம்பெனி மேனேஜர் மருதாசலத்தோட ஒரே பொண்ணு, காலேஜ் முடிச்ச புள்ளை, சிரிச்ச முகம். "மி பாத்ரே மே த்ராஹோ ஊனா கமிசேத்தா"ன்னா. எங்கப்பா எனக்கு ஒரு பனியன் கொண்டுவந்தார்னு அர்த்தமாம். சொல்லி வாய் மூடலைங்க, போர்டுக்கும் முதல் பெஞ்சுக்கும் நடுவுல மருதாசலம் குத்தவெச்சு உக்காந்திருந்தாரு. இப்ப இருக்கற தொப்பையும் நரையும் இல்லாத மருதாசலம், மீசை கன்னங்கரேல்னு, முன்னால ரெட்டை ஜடை போட்ட சின்னத் தாரிணி. மனுசன் தன் சட்டைக்குள்ள கையை விட்டு, வயித்தோட ஒட்டி வெச்சிருந்த மஞ்சப் பனியன் ஒண்ணை உருவி எடுத்தாரு. நெஞ்சுல வாத்துப் படம், தோள்ல செக்கிங்குல ஒட்டற அம்புக்குறி ஸ்டிக்கர்கூட உரிக்காம அப்படியே இருந்துச்சு. புள்ளை அதைப் போட்டுட்டு ஒரு சுத்து சுத்துச்சு. அப்புறம் ரெண்டு பேரும் இல்லை, போர்டுதான் இருந்துச்சு.

எல்லாரும் கைதட்டினாங்க. டீச்சர், "நல்லா சொன்ன. ஆனா 'ஹோ' தொண்டையில இருந்து வரணும் தாரிணி, இன்னொருக்கா சொல்லு"ன்னாங்க. அவ இன்னொருக்கா சொன்னா, மருதாசலம் இன்னொருக்கா வந்து இன்னொருக்கா பனியன் குடுத்துட்டுப் போனாரு. நான் செருப்புச் சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம்னு எறங்கி வந்துட்டேன்.

கடைசி பெஞ்சுல உக்காந்திருந்த தெய்வானை மட்டும் கை தட்டலை. அதை நான் படியில நின்னப்பவே பாத்தேன்.

தெய்வானையைப் பத்திச் சொல்லியாகணும், அவ பேருதானே இந்தக் கதையில போகவோ நிக்கவோ இருந்துச்சு. நான் இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி அவ அதே பெரிய கம்பெனியில செக்கிங் பாத்துட்டிருந்தவ. கல்யாணமான புதுசு. அப்ப மருதாசலம் அங்க சூப்பர்வைசர். வேலை முடிஞ்சு வெளியே போறப்ப வாசல்ல பையைத் தொறந்து காட்டோணும், ஒரு பீஸ் மாட்டினாலும் அந்தப் பீஸைக் கழுத்துல கட்டி, கடைசி ஆள் வெளியே போற வரைக்கும் கேட்டுல நிறுத்துவாங்க, அது அந்தக் கம்பெனி வழக்கம். ஒருநாள் கணக்குல பீஸ் கொறைஞ்சு, எல்லார் பையையும் கொட்டிப் பாத்து, தெய்வானையோட வயர்கூடையில சோத்துப் போசிக்கு அடியில ஒரு கொழந்தை பனியன் கெடைச்சுது. "நான் எடுக்கலைங்க"ன்னு அவ சொன்னா. மாட்டினவங்க எல்லாரும் அதைத்தானே சொல்லுவாங்க? கழுத்துல கட்டி நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் எந்தக் கம்பெனியும் அவளைச் சேத்தலை. "கை நீளம்"னு ஒத்தை வார்த்தை, அது அவளுக்கு முன்னாடி போய் கதவைச் சாத்திட்டே வந்துச்சு.

ஆனா கெட்டிக்காரி. வூட்டுலயே காஜா மிசினும் பட்டன் மிசினும் போட்டு, ரெண்டு பொண்ணுங்களை வெச்சு ஜாப் வொர்க் பண்ணினா. என்கிட்டத்தான் பட்டன் வாங்குவா. ஸ்பெயின்ல கொழந்தைத் துணிக்கடை வெச்சிருக்கற ஒரு அம்மா எப்படியோ அவளைப் புடிச்சு, இடையில கம்பெனி வேண்டாம், நீயே தெச்சுக் குடுன்னு கேட்டிருக்காங்க. நேர்ல வர்றேன், ஊர்ல நாலு பேர்கிட்ட உன்னைப் பத்தி விசாரிச்சுட்டு ஆர்டர் தர்றேன்னும் சொல்லியிருக்காங்க. அதுக்குத்தான் அவ ஸ்பானிஷ் படிக்க வந்ததே. "விசாரிச்சா என்னண்ணா சொல்லுவாங்க?"ன்னு என் கடையில நின்னு கேட்டா. நான் பட்டன் பெட்டியை அடுக்கற மாதிரி திரும்பிக்கிட்டேன். என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாதா!

மாடியில நடக்கறது ஒரு வாரத்துல ஊருக்கே தெரிஞ்சு போச்சு. யாரும் ஆச்சரியப்படலைங்க, எங்கூர்ல ஆச்சரியப்பட யாருக்கு நேரம்? இதனால என்ன பிரயோசனம்னுதான் கேட்டாங்க. டீச்சர் சொல்லித் தந்தபடி யார் சொன்னாலும் வந்துச்சு, ஆனா சொல்றவங்க கண்ணு முன்னால நடந்தது மட்டும்தான் வந்துச்சு, உண்மையா நடந்தது மட்டும்தான் வந்துச்சு. பொய் சொன்னா ஒண்ணும் வராது, ஃபேன் மட்டும் சுத்தும். அவ்வளவுதாங்க சங்கதி. அதுக்கப்புறம் பொண்ணு வூட்டுக்காரங்க மாப்பிள்ளையை நேரா மாடிக்கே கூட்டிட்டு வந்தாங்க. பங்காளிங்க வேலித் தகராறை மாடிப்படியில வெச்சுக்கிட்டாங்க. பொண்டாட்டிமாருங்க புருசன் கையைப் புடிச்சு "ஏறுங்க மேல, ஏறுங்க சொல்றேன்"னு இழுத்துட்டு வந்தாங்க, எங்கூரு ஆம்பளைங்களுக்கெல்லாம் ஒரே நேரத்துல தொண்டை கட்டிக்கிச்சு. கையில ஒண்ணுமில்லாம வந்து ஒத்தை ஆளா கம்பெனியைத் தூக்கி நிறுத்தினேன்னு மேடைக்கு மேடை பேசற ஒரு முதலாளி, பேச்சை ஸ்பானிஷ்லயும் சொல்லிப் பாக்கலாம்னு ஆசைப்பட்டு, படமெடுக்க ஆள் வெச்சு, தொண்டையைச் செருமி நல்லாத்தான் சொன்னாரு. ஃபேன் சுத்திச்சு. கூட வந்த மச்சினன் எங்கயோ பாத்தான். அந்த முதலாளி படி எறங்கினப்ப எங்கிட்ட ஒரு டஜன் ஜிப் வாங்கிட்டுப் போனாரு, எதுக்குன்னு அவருக்கே தெரியாது, சும்மா எறங்கிப் போக வெக்கமா இருந்திருக்கும்.

அப்படித்தான் எங்கூர்ல தலை குனிஞ்சு நடக்கறவங்க அதிகமானாங்க. மேல ஏறினவங்கள்ல முக்காவாசிப் பேர் எறங்கறப்ப தரையைப் பாத்துத்தான் எறங்கினாங்க. டீக்கடையில யாரும் பழசு பேசறதில்லை, நாளைக்கு அதைப் பண்ணுவேன், அடுத்த கோயில் நோம்பிக்கு இதைப் பண்ணுவேன்னு வரப்போறதையே பேசினாங்க. நேத்து எங்க போனீங்கன்னு கேட்டா மனுசனுக்கு முகம் கறுத்துப் போச்சு.

இதுல எனக்குன்னு ஒரு சங்கட்டம் தனியா வந்து சேந்துச்சு. அந்தப் பாசையில போன காலம் ரெண்டு விதமாங்க. நடந்து முடிஞ்சதுன்னு சொன்னா அது வந்து தலையைக் காட்டிட்டுப் போயிரும். நடந்துட்டு இருந்துச்சுன்னு சொன்னா அது வரும், போகாது. அதுக்குப் பாருங்க, எப்பவோ முடிஞ்சோம்னே தெரியாது. இதை வெளக்கறதுக்கு டீச்சர், "நான் மலைமேல இருந்தப்ப மழை பெஞ்சுட்டே இருந்துச்சு"ன்னு ஒரு உதாரணம் சொல்லிட்டாங்க, அவ்வளவுதான், வகுப்பு மூலையில பெரு நாட்டு மழை தூற ஆரம்பிச்சுது, நிக்கவேயில்லை. கீழ என் பட்டன் பெட்டியெல்லாம் ஈரம்! மேல போய்ச் சத்தம் போட்டேன். "நீங்கதானே சொன்னீங்க, நீங்களே பெஞ்சு முடிஞ்சுதுன்னு சொல்லி நிறுத்திப்போடுங்க"ன்னேன். அவங்க மழைக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டை வெச்சுட்டு, "இருக்கட்டுமே அண்ணாச்சி"ன்னாங்க. கண்ணு கலங்கியிருந்துச்சு. நான் பெட்டியை எடுத்து எடம் மாத்தி வெச்சேன்.

அப்புறம் ஒரு சாயந்தரம், மாடி முழுக்க ஊர்க்காரங்க நிக்கறப்ப, தெய்வானை எந்திரிச்சா. அந்த அம்மா ஸ்பெயின்ல இருந்து வர்ற நாள் நெருங்கிருச்சு. அவளும் எத்தனை நாள் வாக்கியத்தை வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்தாளோ, ஒரு பிசிறில்லாம சொன்னா. "யோ நோ ரொபே." நான் திருடலை.

ஃபேன் சுத்திச்சு.

எல்லாரும் போர்டுக்கும் பெஞ்சுக்கும் நடுவுல பாத்தாங்க. ஒண்ணும் இல்லை. அவ மறுபடியும் சொன்னா, சத்தமா சொன்னா, குரல் உடைஞ்சு சொன்னா. மூலையில மழை தூறுது, மேல ஃபேன் சுத்துது, வேற ஒண்ணும் வரலை. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. "அட, பாத்தியா"ன்னு யாரோ மெல்லச் சொன்னாங்க. டீச்சர் மட்டும் பதறிப்போய், "நடக்காதது எப்படிங்க வரும்? நடக்காததுக்கு உருவம் ஏது? அவங்க சொல்றது நிஜம்னாலும் ஒண்ணும் வராதுங்க!"ன்னு கத்தினாங்க. யார் காதுல விழுந்துச்சு? பொய் சொன்னா ஃபேன் சுத்தும், ஃபேன் சுத்திச்சு, அப்ப பொய்தான். அத்தனை பேரும் பெரிய வக்கீலுங்க மாதிரி தலையை ஆட்டிட்டு எறங்கினாங்க. தெய்வானை என் கடையைத் தாண்டிப் போனப்ப முந்தானையைக் கழுத்தைச் சுத்திப் போத்தியிருந்தா, புழுக்கமான நாளுங்க அது. ஒருதடவை வாசல்ல நின்னவளை நாங்க ரெண்டாந்தடவையும் நிறுத்திட்டோம்.

விடிஞ்சா மக்கா நாள், அதுல இருந்து அவ காஜா மிசினுக்கு வேலை வரலை. குடுத்திருந்தவங்களும் துணியைத் திருப்பி வாங்கிட்டாங்க. நல்லவேளை முன்னாடியே தெரிஞ்சுதுன்னு வேற பேசிக்கிட்டாங்க.

அவ வூட்டுல முடங்குவான்னு நெனைச்சேன். அடுத்த வகுப்புக்கே வந்தா. நேரா டீச்சர்கிட்ட போனா. "அந்த இன்னொண்ணைச் சொல்லிக் குடுங்க. முடியாதது."

"வேண்டாம்க்கா. அதுல சொன்னா அது போகாது. மழையைப் பாக்கறீங்கள்ல?"

"எங்கிட்ட மட்டும் போயிருச்சுங்களா? அத்தனை வருஷமா நான் மட்டும் பாத்துட்டிருக்கேன், கொஞ்ச நாள் ஊரும் பாக்கட்டும்."

இன்னொண்ணும் சொன்னாளாம், டீச்சர் எங்கிட்ட பின்னால சொன்னாங்க. தாரிணியோட அந்த மஞ்சப் பனியனை அவளும் பாத்தா, பாத்த அன்னைக்கே புரிஞ்சுக்கிட்டா. "அந்தப் புள்ளை ஆசையா வெச்சிருக்கற ஒண்ணை நான் கையில எடுத்து அவ அப்பனை அடிக்க மாட்டேன் டீச்சர். என்னோடதை மட்டும் சொல்றேன்."

சாயந்தரம், வேலை விடற நேரம், அவ பெரிய கம்பெனி கேட்டுக்குப் போனா. ஆளுங்க கும்பலா வெளியே வர்றாங்க. செக்யூரிட்டி யாருன்னு கேக்கறதுக்குள்ள சொல்லிட்டா. "யோ எஸ்தாபா என் லா புவெர்த்தா." நான் வாசல்ல நின்னுட்டிருந்தேன். சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காம பஸ் ஏறி வூட்டுக்குப் போயிட்டா.

கேட்டுக்கு வலப்பக்கம், தூணுக்குப் பக்கத்துல, கல்யாணமான புதுசுல இருந்த தெய்வானை நின்னா. தலையில வாடின கனகாம்பரம், காலடியில வயர்கூடை, கழுத்துல கொழந்தை பனியனோட ரெண்டு கையையும் இழுத்துக் கட்டியிருந்துச்சு. மஞ்சப் பனியன், வாத்துப் படம். அவ அழுகலை, தன் கால் பெருவிரலையே பாத்துட்டிருந்தா. அவ தனியா வரலைங்க. அன்னைக்கு அவளைச் சுத்தி நின்ன அத்தனை பேரும் வந்தாங்க. வாயைப் பொத்திச் சிரிச்சவங்க, விரல் நீட்டினவங்க, பாத்தும் பாக்காத மாதிரி டிபன் பாக்ஸைத் தொடைச்சவங்க, கம்பெனி மாடி ஜன்னல்ல அந்தக் கம்பெனி முதலாளி, அவ பக்கத்துல கறுப்பு மீசையோட மருதாசலம். வேலை விட்டு வெளியே வந்தவங்க அப்படியே நின்னுட்டாங்க. தன்னைத் தானே பாத்தாங்க. எளமையா, தலைமுடி நெறைய, சிரிச்சுட்டு நிக்கற தன்னை.

போகும்னு பாத்தாங்க, போகலை. முதலாளி தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னாரு, அந்த உருவங்க தார்ப்பாய்க்கு முன்னாடி வந்து நின்னுச்சு. லாரி ஊடால போனா ஒண்ணும் ஆகாதுன்னு டிரைவர்கிட்ட சொன்னாங்க, "அந்தப் புள்ளை மேல நான் ஏத்த மாட்டேன் சார்"னுட்டு அவன் சாவியைக் குடுத்துட்டுப் போனான். பின்பக்கம் சுவத்தை இடிச்சுப் புது கேட் வெச்சாங்க, ஆளுங்க அந்த வழியா முட்டிமுட்டிப் போய்வந்தாங்க. ஆனா ஊர் இருக்கே, அது முன்பக்கமாத்தானே போகோணும்? ஸ்கூல் புள்ளைங்க கைகாட்டி, "அம்மா, அது நீதானே? ஏம்மா சிரிக்கற?"ன்னு கேட்டுதுங்க.

முதல்ல வந்தது ரங்கம்மா, ஓவர்லாக் டெய்லர். என் கடைக்கு வந்து எலாஸ்டிக்கைத் தடவிட்டே நின்னவ திடீர்னு, "ஏனுங்ண்ணா, சிரிச்சேன்ங்கறதை மேல எப்படிச் சொல்லித்தருவாங்க?"ன்னா. மேல அனுப்பினேன். அவங்கவங்க செஞ்சதை முடிஞ்சதாச் சொன்னாத்தான் அவங்கவங்க உருவம் போகும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. "மே ரெயீ"ன்னு படிச்சுட்டு, வழி நெடுகச் சொல்லிட்டே போய், கேட்டுக்கு முன்னால நின்னு சொன்னா. உருவத்துல இருந்த ரங்கம்மா சிரிப்பை நிறுத்தி, வாயில இருந்து கையை எடுத்து, முந்தானையைச் சரி பண்ணிட்டு, கும்பல்ல இருந்து எறங்கிப் போயிட்டா. நெசமான ரங்கம்மா ரோட்டுலயே உக்காந்து, "நான் எதுக்குடி சிரிச்சேன், எதுக்குச் சிரிச்சேன்"னு நெஞ்சுல அடிச்சுட்டு அழுதா.

அப்புறம் எங்க மாடி தாங்கலைங்க. இதுவரைக்கும் அந்தப் பக்கமே வராதவங்க, பேங்குல கைநாட்டு வெக்கறவங்க, எல்லாரும் வந்தாங்க. டீச்சர் மத்த பாடத்தையெல்லாம் மூட்டை கட்டி வெச்சுட்டு மூணு சொல்லை மட்டும் சொல்லிக் குடுத்தாங்க. பாத்தேன், மிரே. சிரிச்சேன், மே ரெயீ. சும்மா இருந்தேன், மே கயே. சும்மா இருந்தவங்கதான் அதிகம். ஒருத்தருக்கொருத்தர் மூஞ்சி பாக்காம வரிசையில நின்னு படிச்சாங்க, ஒவ்வொருத்தரா போய்ச் சொன்னாங்க, ஒவ்வொரு உருவமா எறங்கிப் போச்சு. செத்துப்போன புருசன் கும்பல்ல தன் பக்கத்துலயே நிக்கறதைப் பாத்த ஒரு அம்மா, "நாங்க பாத்தோம்னு சொல்ல முடியுங்களா?"ன்னு கேட்டு, "மிராமோஸ்"னு சொல்லி ரெண்டு பேரையும் ஒட்டுக்கா கூட்டிட்டுப் போனாங்க. செருப்பு என் கடை வாசல் தாண்டி ரோடு வரைக்கும் கெடந்துச்சு. நான் ஒரு வார்த்தை பேசலைங்க. முதலாளி பகல்ல வரமாட்டேன்னு கார்ல உக்காந்தே ஜன்னலை எறக்கிச் சொல்லிப் பாத்தாரு, அது பலிக்கலை, எறங்கி வந்து சொன்ன பொறகுதான் மாடி ஜன்னல் காலியாச்சு.

கடைசியில வாசல்ல ரெண்டே பேர். கழுத்துல பனியனோட தெய்வானை, பக்கத்துல மருதாசலம்.

நெசமான மருதாசலம் வேலைக்குப் போறதை நிறுத்திட்டாரு. காலனிச் சங்கத் தலைவர், கோயில் கமிட்டிக்காரர், வூட்டை விட்டு வெளியே வரலை. தாரிணி வாசல்ல அந்த உருவத்தைப் பாத்த நாளே அவளுக்கு எல்லாம் வெளங்கிருச்சு. அதே மஞ்சள், அதே வாத்து. சின்ன வயசுல இருந்து பீரோவுல மடிச்சு வெச்சிருந்த தன்னோட பனியனை எடுத்து, அப்பா சாப்பிடற தட்டுக்குப் பக்கத்துல வெச்சா. இதை அவளே பொறகு எங்கிட்ட சொன்னா, என் கடையில நின்னு, பட்டன் டப்பாவைத் தொறந்து மூடிட்டே சொன்னா.

"இது எப்படிப்பா வந்துச்சு?"

"கம்பெனியில குடுத்தாங்க அம்மிணி. உன் பொறந்தநாளைக்கு."

"ஸ்பானிஷ்ல சொல்லுங்கப்பா."

மனுசன் தட்டைத் தள்ளி வெச்சாராம். "எனக்கு எங்க அம்மிணி ஸ்பானிஷ் தெரியும்."

"நான் சொல்லித் தர்றேன்."

ரெண்டு வாரம் அந்தச் சாப்பாட்டு மேசையில மக அப்பனுக்கு இறந்தகாலம் சொல்லிக் குடுத்தா. கொண்டுவந்தேன், ஒளிச்சேன், பயந்தேன், வெச்சேன். அவர் நாக்கு பொரளாம, அடி வாங்கற பையனாட்டம் சொல்லிட்டு வந்தாரு. அதுலயே கதை முழுக்க வெளிய வந்துருச்சு. பொறந்தநாளுக்குத் துணி எடுக்க வக்கில்லை, ஒரு பீஸைச் சட்டைக்குள்ள வெச்சுட்டு வந்துட்டாரு. மக்கா நாள் கணக்குல ஒரு பீஸ் இடிச்சுது. திருடன் ஒருத்தன் வேணும். சோத்துப் பைங்க வரிசையா மாட்டியிருந்த எடத்துல, அதே லாட்டுல இன்னொரு பீஸை எடுத்து, கைக்கு எட்டின கூடையில வெச்சாரு. அது யார் கூடைன்னுகூடப் பாக்கலையாம்.

ஒருநாள் கேட்டாராம், "வைக்கப்பட்டதுன்னு சொல்ல வழி இருக்குமா அம்மிணி? ஆள் பேர் வராம?"

"இருக்குப்பா. ஆனா ஆள் செஞ்சதை ஆளில்லாம சொன்னா ஃபேன்தான் சுத்தும்."

அவர் மூஞ்சியைப் பொத்திட்டு அழுதிருக்காரு. அவளும் அழுதிருக்கா. "அதைப் போட்டுட்டு நான் ஊரெல்லாம் சுத்திக் காட்டினேனே அண்ணா"ன்னு எங்கிட்ட சொன்னப்ப அவ காதெல்லாம் செவந்து போச்சு. அவ என்ன தப்புப் பண்ணினா? ஆனா வெக்கம் அப்படிக் கணக்குப் பாத்தா வரும்? அது வூட்டுக்குள்ள வந்துட்டா எல்லார் தட்டுலயும் உக்காரும்.

அவர் வர்றாருன்னு தெரிஞ்சு அன்னைக்குச் சாயந்தரம் ஊரே கேட்டுல நின்னுச்சு. தெய்வானையும் வந்திருந்தா, ரோட்டுக்கு அந்தப் பக்கம். மருதாசலம் வெள்ளை வேட்டி சட்டையில, காலுக்குச் செருப்பில்லாம வந்தாரு. கறுப்பு மீசையோட நின்ன தன்னைப் பாத்தாரு. "லோ பூஸே யோ." நான்தான் வெச்சேன்.

கேட் தூணுக்குப் பக்கத்துல சோத்துப் பைங்க மாட்டின சுவரு வந்துச்சு, கறுப்பு மீசைக்காரர் அங்க போனாரு, முன்ன பின்ன பாத்தாரு, வயர்கூடையில போசியைத் தூக்கிட்டு அடியில மஞ்சப் பனியனைத் திணிச்சாரு. போசியைத் திரும்ப மேல வெச்சு மூடினாரு. அது எல்லாருக்கும் தெரிஞ்சுது. அப்புறம் சுவரும் இல்லை, அவரும் இல்லை. அடிக்கப் போவாங்கன்னு நான் பயந்திருந்தேன், ஆனா எந்த மூஞ்சியை வெச்சுட்டு அடிக்கறது? எல்லாரும் தரையைப் பாத்தோம்.

கழுத்துல பனியனோட அந்தச் சின்னப் பொண்ணு மட்டும் இன்னும் நின்னா. "அதை நீங்கதான்க்கா முடிக்கணும், நின்னேன்னு சொல்லுங்க, போயிரும்"னு டீச்சர் தெய்வானை காதுல சொன்னாங்க. தெய்வானை ரோட்டைத் தாண்டி வந்தா. மருதாசலம் கையைக் கூப்பினாரு. அவ அவரைத் திட்டலை, பாக்கவும் இல்லை, கரண்ட் கம்பத்தைத் தாண்டறாப்புல தாண்டிப் போனா. மக வயசு மதிக்கற அந்தப் பழைய தனக்கு முன்னால போய் நின்னு, கழுத்து முடிச்சை அவுத்தா. அவுத்த பனியனை ஒதறி, கையை உள்ள மடக்கி, மடிச்சுத் தூண் மேல வெச்சா. ஸ்பானிஷ்ல அவ ஒண்ணுமே சொல்லலைங்க.

"வா சாமி, வூட்டுக்குப் போலாம்"னா.

அந்தப் புள்ளை கால் பெருவிரல்ல இருந்து கண்ணை எடுத்து முதல்முதலா நிமிந்து பாத்துச்சு. குனிஞ்சு வயர்கூடையை எடுத்துக்கிச்சு. ரெண்டு பேரும் கைகோத்துட்டு ரோட்டோரமா நடந்து போனாங்க, பஸ் ஸ்டாப் திரும்பற வரைக்கும் ரெண்டு பேரா தெரிஞ்சுது. ஸ்பெயின்கார அம்மா அப்புறமா வந்தாங்க, தெய்வானை வூட்டுல காப்பி குடிச்சாங்க, கொழந்தைத் துணிக்குப் பட்டன் இப்ப எங்கிட்ட இருந்துதான் போகுது. ஆனா அவ இப்பெல்லாம் எங்கிட்ட அதிகம் பேசறதில்லை. அன்னைக்கு நான் பெட்டி அடுக்கறாப்புல திரும்பிக்கிட்டது அவளுக்குத் தெரியாம இருக்குமா? மழைத்தண்ணி ஒழுகினா நானே போய்ப் பக்கெட்டை மாத்தி வெச்சுட்டு வர்றேன், அதைப் பத்தியும் நான் ஒண்ணும் சொல்றதில்லை.

மக்கா நாள் வேலை விட்டப்ப முன் கேட்டைத் தொறந்து வெச்சும் யாரும் அந்த வழியா வரலை. தூணுக்குப் பக்கத்துல, அந்தப் புள்ளை நின்ன எடத்துல, மருதாசலம் வந்து நின்னிருந்தாரு. யாரும் நிக்கச் சொல்லலை. யாரும் போகச் சொல்லவும் இல்லை. தலை குனிஞ்சு, தன் கால் பெருவிரலைப் பாத்துட்டு நின்னாரு. கடைசி ஆளும் பின் கேட்டுல போன பொறகு தாரிணி வந்தா. சித்த நேரம் தள்ளியே நின்னா.

"வாங்கப்பா. வூட்டுக்குப் போலாம்."

அவர் நிமிந்து அவ மூஞ்சியைப் பாத்தாரு. அவ அவர் மூஞ்சியைப் பாக்கலை, ஆனா காத்திருந்தா. அப்புறம் ரெண்டு பேரும் நடந்தாங்க. கைகோத்துக்கலை. ரெண்டு பேருக்கும் நடுவுல இன்னொரு ஆள் நடக்கற அளவுக்கு எடம் விட்டே நடந்து போனாங்க.